தாவரச் சாயமிட்ட துணியைச் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று சொல்லி விற்கலாமா?

தறிக்குழி (சென்னிமலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னிமலைக்கு அருகில் இரண்டு கைத்தறிகளில் துண்டும் போர்வையும் நெய்து பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. இதுவரை நூலைச் சாயப்பட்டறையில் கொடுத்து வாங்கித்தான் பாவு ஓட்டினோம். சென்ற ஆண்டு நகரத்துக் கடை ஒன்று தாவரச் சாயமிட்ட துண்டுகள் வேண்டும் என்று கேட்டது. முதன்முறையாக வீட்டிலேயே நூல் கழிகளுக்குச் சாயமிட்டு நாற்பது துண்டுகள் நெய்து அனுப்பினேன். மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள், பீட்ரூட்டிலிருந்து இளஞ்சிவப்பு, விலைக்கு வாங்கிய நீல வில்லையிலிருந்து நீலம் என மூன்று நிறங்கள்.

கடையின் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த மஞ்சள் துண்டு பத்தே நாளில் வெளிறி, மடிப்பின் உட்புறத்தில் மட்டும் நிறம் மிஞ்சியது. சோப்பு பட்ட இடமெல்லாம் செங்கல் நிறமாக மாறியது. பீட்ரூட் நிறம் முதல் அலசலிலேயே தண்ணீரோடு போய்விட்டது. நீலம் நின்றது, ஆனால் தோளில் போட்டவர்களின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. முப்பத்தொரு துண்டுகள் திரும்பி வந்தன.

அதைவிட மனத்தை உறுத்துவது வேறொன்று. மயில்துத்தம் என்ற செம்பு உப்பைச் சேர்த்தால் நிறம் நிற்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு பகுதி நூலை அதில் ஊறவைத்தேன். மிச்சத் தண்ணீரைக் கொல்லையில் இருந்த கீரைப் பாத்தியில் ஊற்றினேன். நான்கு நாளில் பாத்தி முழுவதும் கருகிவிட்டது. அந்த நூலில் நெய்த துண்டின் அட்டையில் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று அச்சடித்திருந்தோம். அந்தச் சொல்லைப் போட எனக்கு உரிமை உண்டா, உண்டாக வேண்டுமானால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

உங்கள் கேள்வியை நேராகக் கேட்டதற்கு நன்றி. நிறம் தரும் தாவரமெல்லாம் சாயம் தரும் தாவரம் ஆகாது. முதலில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பீட்ரூட்டின் நிறப்பொருள் தண்ணீரில் எளிதில் கரைவது, பருத்தியைப் பற்றிக்கொள்ளாதது, வெப்பத்திலும் ஒளியிலும் சிதைவது. அது எந்தப் பக்குவத்திலும் சாயமாகாது. மஞ்சளில் உள்ள குர்குமின் பருத்தியை நன்றாகவே பற்றும். ஆனால் ஒளி அதைச் சிதைத்துவிடும். ஒளிக்கு நிறம் எவ்வளவு தாங்கும் என்பதை 1 முதல் 8 வரை மதிப்பிடும் அளவுகோலில் மஞ்சளுக்கு 1 அல்லது 2-தான் கிடைக்கும். காரம் பட்டால் குர்குமின் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் நீர் சிவப்பதும் உங்கள் துண்டில் சோப்பு பட்ட இடம் சிவந்ததும் ஒரே வினைதான்.

அடுத்தது நிறமூன்றி, அதாவது சாயத்தை இழையோடு பிணைக்கும் பொருள். கம்பளியும் பட்டும் புரத இழைகள். படிகாரத்தை அவை எளிதில் பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியன்று. ஆகவேதான் நம் முன்னோர் பருத்தியை முதலில் கடுக்காயில் ஊறவைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் நூலில் ஏறுகிறது, அந்த டானினைப் படிகாரத்தின் அலுமினியம் பற்றுகிறது, அலுமினியத்தைச் சாயம் பற்றுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் நிறம் நிற்காது. கலம்காரியில் கடுக்காயோடு எருமைப்பால் சேர்ப்பார்கள். அந்தப் பாலின் கொழுப்பு, துணியில் எழுதும் கோடு பரவாமல் காக்கும்.

உங்கள் அளவுக்கு ஒரு பக்குவம் சொல்கிறேன். 1 கிலோ நூலைச் சலவைச் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு அலசுங்கள். கொதித்த நீர் மஞ்சள் கலந்த பழுப்பாக வரும். நூலில் உள்ள மெழுகும் எண்ணெய்ப் பசையும் வெளியேறாவிட்டால் எந்தச் சாயமும் சீராக ஏறாது என்பதால் இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். பிறகு 150 முதல் 200 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, நூலை இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்தி, 150 கிராம் படிகாரம் கரைத்த நீரில் மறுபடியும் ஓர் இரவு. அதன் பிறகுதான் சாயப் பாண்டம்.

மஞ்சள் நிறத்துக்கு மாதுளைத் தோல், செம்மஞ்சளுக்கும் பழுப்புக்கும் வெங்காயத் தோல், பழுப்புக்குக் காசுக்கட்டி அல்லது கருவேலம்பட்டை, சாம்பல் முதல் கருமை வரை கடுக்காயோடு இரும்பு, சிவப்புக்கு மஞ்சிட்டி அல்லது நுணா வேர், நீலத்துக்கு அவுரி: இந்த வட்டத்துக்குள் நின்றால் துண்டு திரும்பி வராது.

மயில்துத்தத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அதிலுள்ள செம்பு மண்ணில் சிதையாது, மீன்களுக்கு நஞ்சு. சில பழைய கையேடுகளில் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் எழுதியிருப்பார்கள். அது புற்றுநோய் தருவது. குரோமியத்தில் ஊன்றிய "இயற்கை" மஞ்சளைவிட ஒழுங்காகச் சுத்திகரிக்கும் ஆலையில் இட்ட செயற்கை மஞ்சள் நிலத்துக்கு எவ்வளவோ மேல். தாவரம் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் கீரைப் பாத்தி பிழைக்கவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ஆசிரியை அம்மா சொல்வது அறிவியலாகச் சரி. ஆனால் ஆற்றங்கரையில் வாழ்ந்தவன் என்ற முறையில் இதன் மறுபக்கத்தையும் எழுத விரும்புகிறேன். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கீழே ஆயக்கட்டு நிலம் வைத்திருந்தவர்கள் தண்ணீர் திறக்காதே என்று போராடிய அணை உலகத்திலேயே அரிதாகத்தான் இருக்கும். சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் இந்தத் தொழில் விழித்துக்கொண்டது.

பருத்திக்கு இடும் செயற்கைச் சாயத்தில் பலரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். உண்மையான கேடு உப்பில் இருக்கிறது. வினைபுரியும் வகைச் சாயங்கள் நூலில் ஏற லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்புப் போட வேண்டும். நிறத்தை நீக்கிவிடலாம், உப்பை நீக்குவது எளிதன்று. கழிவே வெளிவராத முறை வந்தபின் தண்ணீரை மீட்கிறார்கள். ஆவியாக்கி எடுத்த கலப்பு உப்பை மூட்டை கட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடுக்காயும் மாதுளைத் தோலும் ஊறிய தண்ணீரில் அந்த உப்பு இல்லை. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பட்டறைக் கணக்கு எழுதியது:

நான் இருபது ஆண்டுகளாகச் சாயப்பட்டறையில் கூடம் பார்க்கிறேன். நொய்யல்கரை அவர்களின் வேதனையில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டுக் கிணறும் உவர்த்துப் போனதுதான். ஆனாலும் கணக்கை எழுதியாக வேண்டும்.

நடுத்தரமான செயற்கை நிறத்துக்கு 1 கிலோ துணிக்கு ஏறத்தாழ 20 கிராம் சாயம் போதும். தாவரச் சாயத்தில் அதே அளவு அடர்த்தி வர, உலர்ந்த தோலோ வேரோ துணியின் எடைக்குச் சமமாக, சில நிறங்களுக்கு அதற்கும் மேலாக வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 5 டன் துணி பார்க்கும் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 5 டன் உலர் சரக்கு, 300 நாளைக்கு 1,500 டன். கடுக்காய் மட்டும் நாளைக்கு 750 கிலோவுக்குக் குறையாது. இது ஒரே ஒரு பட்டறைக்கு. இவ்வளவு கடுக்காயும் மஞ்சிட்டியும் எந்தக் காட்டிலிருந்து வரும்? மஞ்சிட்டி வேரை எடுக்கக் கொடியைத் தோண்ட வேண்டும். மலையில் தானாக வளர்ந்ததைத் தோண்டி எடுத்துக்கொண்டே போனால் சில ஆண்டுகளில் அந்தச் சரிவில் மஞ்சிட்டி இராது. செம்மரத் தூளையும் சாயத்துக்கு விற்கிறார்கள். அந்த மரத்தின் நிலைமை எல்லோருக்கும் தெரியும்.

விறகையும் சேருங்கள். கிலோ நூலுக்கு 20 முதல் 30 லிட்டர் தண்ணீர் என்று வைத்து, அதை நூல் வேகவைக்க ஒரு முறை, சாயத்துக்கு ஒரு முறை சூடாக்கினால் எரிபொருள் குறைவாகவா ஆகிறது? ஆகையால் திருப்பூருக்கு மாற்று தாவரச் சாயம் என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு தறி வைத்திருப்பவருக்கு, பக்கத்தில் கிடைக்கும் கழிவுத் தோலைக் கொண்டு செய்வது வேறு கதை. அதை மனமார வரவேற்கிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

கணக்கை ஏற்கிறேன். நான் திருப்பூர் முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. கைத்தறி அளவிலாவது உப்பில்லாத தண்ணீர் ஓடட்டும் என்றுதான் சொன்னேன். சரக்கு எங்கிருந்து என்பதற்கு ஒரு பதில் உண்டு. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது. பழச்சாறுக் கடைகளின் மாதுளைத் தோலும் அப்படியே. அவற்றுக்காக ஒரு செடியையும் பிடுங்க வேண்டியதில்லை.

திண்டிவனத்து உழவன் எழுதியது:

அவுரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த பயிர். ஒரு முன்னெச்சரிக்கை: தென்மாவட்டங்களில் நிலவாகையையும் அவுரி என்றே அழைப்பார்கள். பேதி மருந்துக்கு ஏற்றுமதியாவது அந்த இலை. நாட்டு மருந்துக் கடையில் "அவுரி இலை" என்று மட்டும் கேட்டால் அது கையில் வந்துவிடக்கூடும். அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் நீலம் வராது. சாயத்துக்கு வேண்டியது நீல அவுரி.

எங்கள் தென்னார்க்காட்டுப் பகுதி ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் நீலத்துக்குப் பெயர் பெற்றது. 1897-இல் செருமனியில் செய்த நீலம் சந்தைக்கு வந்ததும் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன. அப்படியும் இங்கே சில இடங்களில் இன்றுவரை தொடர்கிறது. விதைத்து மூன்று மாதத்தில், பூ வைக்கும் தறுவாயில் முதல் அறுப்பு. அதிகாலையில் அறுத்த இலையை வெயில் ஏறுமுன் தொட்டியில் அடுக்கி, மேலே மரச்சட்டம் வைத்து அழுத்தி, தண்ணீர் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுவோம். மறுநாள் காலையில் அந்தத் தண்ணீர் பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும். அதைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலாலும் மட்டையாலும் இரண்டு மூன்று மணி நேரம் அடிப்பார்கள். காற்றுப் பட்டதும் நுரை முதலில் வெள்ளையாக இருந்து பிறகு நீலமாகும். நுரை அடங்கும்போது அடிப்பதை நிறுத்த வேண்டும். நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும்: நீலம் இலையில் இருந்ததில்லை, அது அந்தக் காற்றில்தான் பிறக்கிறது. அடியில் படிந்த சேற்றைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, வில்லையாக அறுத்து நிழலில் காயவைப்போம். 100 கிலோ பச்சை இலைக்கு 1 கிலோ வில்லைகூடத் தேறாது. விலை ஏன் அதிகம் என்று கேட்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

அவுரி பயறு வகையைச் சேர்ந்தது. மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும். பிழிந்த இலைச் சக்கை வயலுக்கே எரு, தொட்டித் தண்ணீரும் வயலுக்கே. ஆனாலும் வங்கத்தில் 1859-இலும் சம்பாரணில் 1917-இலும் இதே பயிருக்காக உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நெல் விளைய வேண்டிய நிலத்தில் கட்டாயத்தால் அவுரியை விதைக்க வைத்தார்கள். உழவனுக்குக் கட்டுபடியாகும் விலை கொடுக்காமல் வாங்கிய நீலத்தை நான் நல்ல நீலம் என்று சொல்ல மாட்டேன்.

நீலத்தொட்டி எழுதியது:

தறிக்குழி அவர்களே, உங்கள் நீலம் சட்டையில் ஒட்டியதற்குக் காரணம் சொல்கிறேன். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரத் தண்ணீரில் உயிர்க்காற்றை (ஆக்சிசனை) நீக்கினால்தான் அது கரைந்து மஞ்சள் கலந்த பச்சையாகும். அந்த நிலையில் நூலுக்குள் போய், வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மறுபடியும் நீலமாகி நூலுக்குள்ளேயே சிறைப்படும். படிகாரமோ கடுக்காயோ அதற்கு வேண்டியதில்லை. நீங்கள் தொட்டி சரியாகப் பழுக்குமுன், அதாவது நீலம் முழுதாகக் கரையுமுன், முக்கியிருக்கிறீர்கள், அல்லது ஒரே முக்கில் அடர்நிறம் எடுக்கப் பார்த்திருக்கிறீர்கள். கரையாத நீலம் நூலின் மேல் தூசியாக ஒட்டிக்கொண்டது. அதுதான் சட்டைக்குப் போனது.

தொட்டி பழுத்திருப்பதற்கு அடையாளம் இது: மேலே செம்புத் தகடுபோல் மினுங்கும் ஆடை படியும், நடுவில் கருநீல நுரை பூவாகத் திரளும், கோலால் ஆடையை விலக்கினால் கீழே தண்ணீர் நீலமாக இராமல் தேன் மஞ்சளாகவோ இலைப்பச்சையாகவோ தெரியும். கழியை மெதுவாக இறக்கிக் குமிழி எழாமல் நீருக்குள்ளேயே திருப்பி, மூன்று நான்கு நிமிடத்தில் எடுத்துப் பிழிய வேண்டும். பச்சையாக வரும் நூல் கையில் இருக்கும்போதே நீலமாகும். அது முழுதாக மாறிய பிறகுதான் அடுத்த முக்கு. மெலிந்த தொட்டியில் எட்டு முக்கு போட்ட நீலம், அடர்ந்த தொட்டியில் இரண்டு முக்கு போட்டதைவிடப் பல மடங்கு நிற்கும். இறுதியில் நன்றாக அலசி, சிறிது காடி கலந்த நீரில் நனைத்துக் காரத்தை முறித்து, பூவந்திக் கொட்டை நீரில் கசக்குங்கள். ஓரளவு ஒட்டுவது நீலத்தின் இயல்பு. அதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பலரும் தொட்டியை விரைவாகப் பழுக்க வைக்க சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போட வேண்டும், வெளியேறும் நீர் ஓடையிலுள்ள உயிர்க்காற்றைக் குடித்துவிடும். வில்லையும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் இட்டு, வேகவைத்த தகரை விதையையும் வெல்லத்தையும் உணவாகக் கொடுத்துப் புளிக்க வைப்பதே நம் பழைய முறை. என்னுடைய தொட்டியின் தண்ணீரை ஆறு ஆண்டுகளாகக் கொட்டியதே இல்லை. குறைந்ததை நிரப்புவேன், வெல்லம் கொடுப்பேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட "உகந்தது" என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கும் பொருளும் இதுவே: எந்தச் செடி என்பதற்குப் பிறகு, எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது.

இராமநாதபுரம் கரையோரம் எழுதியது:

சிவப்பைப் பற்றி ஒரு சொல். சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பு மஞ்சிட்டியிலிருந்து வந்ததன்று; இம்பூறல் என்ற சாயவேரிலிருந்து வந்தது. கடலோர மணலில் தரையோடு படர்ந்து வளரும் சிறு செடி. வேர் மெல்லிய நூல் போலத்தான் இருக்கும், ஆனால் மணலுக்குள் ஆழமாக இறங்கும். இராமேசுவரம் பக்கத்திலும் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டுவதே சிலருக்குத் தொழிலாக இருந்தது. ஒல்லாந்தர் அங்கே ஆட்சி செய்த காலத்தில் சாயவேர் அவர்களின் வாணிபப் பொருள்களில் ஒன்று. இன்று கரையோரத்தில் பெரியவர்களைக் கேட்டால் இம்பூறலை இருமலுக்கான மூலிகையாகத்தான் சொல்கிறார்கள், சாயத்தை நினைவில் வைத்திருப்பவர்களைக் காண்பதே கடினமாகிவிட்டது.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

கரையோரம் அவர்களுக்கு நன்றி. அந்த வேரின் சிவப்புக்குக் காரணம் அலிசரின் என்ற நிறப்பொருள். 1868-இல் கிரேபேயும் லீபர்மானும் அதை நிலக்கரித் தாரிலிருந்து செய்துகாட்டிய பிறகு சாயவேர்ச் சந்தை விழுந்தது. இன்று இயற்கைச் சாயம் என்ற பெயரில் விற்கப்படும் அச்சுத்துணிகள் பலவற்றின் சிவப்பு இந்தச் செயற்கை அலிசரின்தான். மூலக்கூறு ஒன்றேதான், படிகாரத்தோடு அது ஊன்றும் முறையும் ஒன்றேதான். அதைப் பயன்படுத்துவது குற்றமன்று. தாவர வேர் என்று அட்டையில் எழுதுவதுதான் பொய். பொடியாக வாங்கினால் தறிக்குழி அவர்கள் ஏமாறக்கூடும் என்பதால் மஞ்சிட்டியை வேராகவே வாங்கி இடிக்கச் சொல்கிறேன். சாயப் பாண்டத்தில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு இன்னும் அழுத்தமாகும். கடற்கரைக் கிளிஞ்சல் மண்ணில் விளைந்த வேருக்குப் பெயர் இருந்ததன் காரணம் சுண்ணாம்புச் சத்தே.

தறிக்குழி (சென்னிமலை) எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். ஒவ்வொருவர் சொன்னதையும் செய்து பார்த்துவிட்டே எழுத வேண்டும் என்றிருந்தேன்.

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சாண் நீளத் துணியைப் பாதி அட்டையால் மூடித் தெற்குச் சன்னலில் இருபது நாள் கட்டித் தொங்கவிட்டேன். மஞ்சள் கிழங்கின் துணியில் மூடிய பகுதிக்கும் மூடாத பகுதிக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போல் கோடு விழுந்தது. மாதுளைத் தோலில் கோட்டைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வெங்காயத் தோல் சற்று மங்கியது. மஞ்சிட்டி கொஞ்சம் இளகியது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்த சாம்பல் நிறம் அசையவில்லை. ஆனால் அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விழுந்த இடத்தில் வெளிறிய புள்ளி வந்துவிட்டது. இரும்பைக் கூடுதலாகப் போட்ட கழி ஒன்று தறியில் அடிக்கடி அறுந்தது. நூல் இற்றுவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போது இரும்பை நூல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போடுவதில்லை.

படிகாரத் தண்ணீரை மூன்று தடவை பயன்படுத்திவிட்டு, சுண்ணாம்பு கலந்து வெள்ளையாகப் படியவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் வெளியே விடுகிறேன். கீரைப் பாத்தியின் மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு அள்ளி மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், அங்கே இன்னும் எதையும் விதைக்கவில்லை.

கடைக்காரரிடம் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்ற வரியை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். முதலில் அவர் சம்மதிக்கவில்லை, அந்த வரிக்காகத்தான் வாங்குகிறார்கள் என்றார். கடைசியில் புதிய அட்டையில் இப்படி அச்சடித்தோம்: "கைத்தறிப் பருத்தி. மஞ்சள் நிறம் மாதுளைத் தோல், சாம்பல் நிறம் கடுக்காயும் இரும்பும், நீலம் திண்டிவனப் பகுதி அவுரி. நிறமூன்றி படிகாரம், செம்பும் குரோமியமும் சேர்க்கவில்லை. நீலம் முதல் மூன்று சலவைக்குத் தனியாக அலச வேண்டும். எலுமிச்சை படக்கூடாது. நிழலில் உலர்த்தவும்." அறுபது துண்டுகள் போயிருக்கின்றன. இதுவரை இரண்டு திரும்பின, இரண்டும் நீலம்.

நீலத்தொட்டி அவர்களிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. புளிக்க வைத்த தொட்டி நன்றாகத்தான் இருந்தது. மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து மேலே செம்பு ஆடை படிவதில்லை, நுரையும் வெளிறிவிட்டது, தண்ணீர் நீலமாகவே நிற்கிறது. தொட்டி செத்துவிட்டதா?

நீலத்தொட்டி எழுதியது:

சாகவில்லை, உறங்குகிறது. இப்போது வெல்லத்தை அள்ளிப் போடாதீர்கள், புளிப்பேறிக் கெட்டுவிடும். தொட்டியைச் சுற்றி வைக்கோலைத் தடிமனாகக் கட்டி, மேலே சாக்கு மூடுங்கள். நாளுக்கு இரண்டு வேளை, வாய் இறுக மூடிய வெந்நீர்க் குடத்தைத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் நிலை வந்த மறுநாள் ஒரு கைப்பிடி வேகவைத்த தகரை விதை கொடுங்கள். நாள்தோறும் ஒரு வெள்ளை நூலை முக்கிப் பாருங்கள். அது பச்சையாக வெளியே வரும் நாள் வரை கழிகளை இறக்க வேண்டாம்.